எண்ணெய் இடு - எண்ணைத் தொடாதே!

"பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்!"

தெருக்கோடியிலே குரல் கேட்கிறது. ஓட்டைத் தகரமும், உடைந்த பூட்டும், பல் போன அரிவாளும் வண்டியிலே ஏறுகின்றன. இரண்டு கைப்பிடி பேரீச்சம்பழம் இறங்குகிறது. பழைய இரும்புக்கு நம் தெரு தரும் மதிப்பு அவ்வளவுதான்.

அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் அதே பழைய இரும்பு ஏல மேடைக்கு வருகிறது. துருவேறி, மரப்பிடி வெடித்து, சுருள்வில் தளர்ந்து, சுட்டால் சுடுமா என்பதே ஐயம் என்ற நிலையிலே கிடக்கும் ஒரு கைத்துப்பாக்கி! ஆயிரம் டாலர் என்கிறார் ஒருவர். இரண்டாயிரம் என்கிறார் அடுத்தவர். சுடுவதற்கா வாங்குகிறார்கள்? அல்ல. போருக்கா? இல்லவே இல்லை. கண்ணாடிப் பேழையிலே வைத்துக் காப்பதற்கு!

பணம் கொழுத்தவரின் பைத்தியக்காரத்தனம் என்று கூறிவிட்டு நகரத் தோன்றும். துப்பாக்கியின் மீது நமக்கு மோகம் கிடையாது. வாதத்தால் வெல்ல முடியாதவன் தேடும் பொருள் அது என்பது நம் கருத்து. ஆயினும், அந்தச் சேகரிப்பாளர்களிடையே வழங்கும் ஒரு நெறி இருக்கிறதே, அது பட்டறையிலே அரம் பிடித்துப் பழகிய தோழர்கள் கேட்க வேண்டிய செய்தி. அதனாலேதான் இன்று துருவைப் பற்றி எழுதுகிறோம்.

ஒரே ஒரு துப்பாக்கியை எடுத்துக் கொள்வோம். மவுசர் சி96.

ஜெர்மனியின் தென்மேற்கே, நெக்கர் ஆற்றங்கரையிலே ஓபர்ன்டார்ஃப் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு மடம் இருந்தது. துறவிகள் செபித்த மடம். 1811-ஆம் ஆண்டு வூர்ட்டம்பெர்க் நாட்டு மன்னன் அதைத் துப்பாக்கித் தொழிற்சாலை ஆக்கினான். செபமாலை உருண்ட இடத்திலே குழல் கடைந்தார்கள்! பின்னாளில் ஆலை மவுசர் சகோதரர்களின் கைக்கு வந்தது. 1895-இல், அந்த ஆலையின் சோதனைப் பட்டறையிலே பணியாற்றிய ஃபீடர்லே சகோதரர்கள் மூவர் புதுமாதிரியான ஒரு கைத்துப்பாக்கியை உருவாக்கினார்கள். மூளை அவர்களுடையது. உழைப்பு அவர்களுடையது. காப்புரிமை? முதலாளி பால் மவுசர் பெயரில்! துப்பாக்கியின் பக்கத்திலே பொறித்த பெயர்? மவுசர்! ஃபீடர்லே என்ற பெயரை அந்த இரும்பிலே எங்கு தேடினாலும் காண முடியாது. வியப்படைய வேண்டாம் தோழர்களே! நெய்தவன் பெயர் எந்த வேட்டிக் கரையிலே இருக்கிறது?

வேலைப்பாட்டைப் பாருங்கள். விசைக்கு முன்னே பெட்டிபோல் தோட்டா அறை. அதிலே பத்துத் தோட்டாக்கள், 7.63 மில்லிமீட்டர் குழலுக்கு. பிடியோ உருண்டையாக இருக்கும். துடைப்பக்கட்டைப் பிடி என்றே ஆங்கிலம் பேசுவோர் அதற்குப் பட்டப்பெயர் சூட்டிவிட்டனர். மரத்தாலான உறையை எடுத்துப் பிடிக்குப் பின்னே மாட்டினால், தோளிலே அணைத்துச் சுடலாம். இவ்வளவும் இருந்தும், பிடியின் இருபுற மரத்தையும் இறுக்கும் ஒரே ஒரு திருகாணியைத் தவிர வேறு திருகாணி அதிலே கிடையாது! ஓர் உறுப்பு மற்றொன்றைக் கவ்வும். அது இன்னொன்றைத் தாங்கும். ஆணியில்லாமல் மூட்டுப் பொருத்தும் நம் ஊர்த் தச்சர் பார்த்தால், "கைக்காரன்தான்!" என்று ஒப்புக்கொள்வார்.

1896 முதல் 1937 வரை ஏறத்தாழப் பத்து லட்சம் துப்பாக்கிகள் அந்த ஆலையிலிருந்து வெளியேறின. 1898-இல் சூடான் நாட்டு ஒம்துர்மான் போரிலே இளைஞர் சர்ச்சில் கையிலே இது இருந்தது. பம்பாய்த் துறையில் இறங்கும்போது தோள் பிசகியவர் அவர். வாளை நம்ப முடியாமல் இதை நம்பினார். ஏகாதிபத்தியவாதி கையிலிருந்த அதே சரக்கை 1920-களில் போல்ஷ்விக் ரஷ்யாவும் வாங்கிற்று. சீனத்துப் படைத்தலைவர்களோ வாங்கிக் குவித்ததோடு, தங்கள் ஆலைகளிலே அச்சு அசலாகச் செய்தும் கொண்டார்கள். துப்பாக்கிக்குக் கொள்கை கிடையாது!

இனி, வாங்குகிறவர் கதைக்கு வருவோம்.

புதிதாக வாங்க வந்தவர் பளபளப்பைப் பார்ப்பார். பழகியவர் எழுத்தைப் பார்ப்பார். பொறித்த எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா? துளையின் விளிம்பு செங்குத்தாக நிற்கிறதா, கிண்ணம்போலக் குழிந்திருக்கிறதா? பட்டையான பக்கமும் பட்டையான பக்கமும் கூடும் இடத்திலே விளிம்பு நேர்க்கோடாக ஓடுகிறதா, சோப்புக் கட்டிபோல் வழுக்குகிறதா? மழுங்கியும் குழிந்தும் வழுக்கியும் இருந்தால், பாலீஷ் சக்கரம் தன் திருப்பணியை முடித்துவிட்டது என்று பொருள். நீல நிறம் துருக்குழியின் உள்ளேயும் பாய்ந்திருக்கிறதா? அப்படியானால் துரு பிடித்த பிறகு யாரோ புதுச்சாயம் ஏற்றியிருக்கிறார்கள். பழகியவர் துப்பாக்கியை மேசையிலே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

அடுத்தது எண். ஆலையிலே ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் எண் அடித்தார்கள். முழு எண் உடலிலே. சிறு உறுப்புகளிலே அந்த எண்ணோ, அதன் கடைசி இரண்டு இலக்கங்களோ. எல்லா உறுப்பும் ஒரே எண்ணைக் கூறினால், அவை ஒன்றாகப் பிறந்து ஒன்றாக வாழ்ந்தவை. மாறிக் கூறினால், எங்கோ ஒரு பட்டறையிலே உறுப்பு மாற்று நடந்திருக்கிறது. விலை ஒரே தாவலாகக் கீழே இறங்கும். அமெரிக்காவிலே எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அந்நாட்டு 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1898-இலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கி பழம்பொருள். 1899-இல் செய்தது ஆயுதம். பழம்பொருளா ஆயுதமா என்று கண்டுபிடிக்க எண் வரிசையைத்தான் புரட்டுகிறார்கள்.

மதிப்பு இருக்கும் இடத்திலே மோசடி இல்லாமலா? 1916-இல் ஜெர்மன் இராணுவம் 9 மில்லிமீட்டர் குழலோடு 1,50,000 மவுசர்களுக்கு ஆணை தந்தது. சிப்பாய் அவசரத்திலே 7.63 தோட்டாவைத் திணித்துவிடக் கூடாதே என்று, மரப்பிடியிலே பெரிதாக 9 என்று செதுக்கிச் சிவப்புச் சாயம் தீட்டினார்கள். 'சிவப்பு ஒன்பது' என்று சேகரிப்பாளர்கள் தேடி அலைவது அதைத்தான். தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் என்ன நடக்கும்? எவனோ ஒருவன் உளியை எடுத்தான், சாதாரணப் பிடியிலே ஒன்பதைச் செதுக்கினான், சாயத்தைத் தீட்டினான்! ஆகவே பிடியைப் பார்த்து ஏமாறாமல், இராணுவம் ஏற்ற முத்திரையையும் எண் வரிசையையும் பார்க்கிறார்கள். காவி கட்டியவரெல்லாம் துறவியா, என்று நாம் கேட்பதில்லையா? அதுபோலத்தான்.

1980-களிலே சீனத்திலிருந்து பழைய மவுசர்கள் அமெரிக்கச் சந்தைக்கு வந்து இறங்கின. அரை நூற்றாண்டுப் போரிலே அடிபட்டவை. குழலின் உட்புறம் தேய்ந்து, உடலெல்லாம் துரு. மலிவாகக் கிடைத்தன. பழுது பார்க்கும் ஆசை பலருக்குப் பிறந்ததும் அவற்றாலேதான்.

"புதுசு மாதிரி ஆக்கித் தரட்டுமா?"

பட்டறைக்காரர் அன்போடுதான் கேட்பார். சேகரிப்பாளருக்கோ வயிற்றைக் கலக்கும். "வேண்டாம் ஐயா, பழசு மாதிரியே இருக்கட்டும்" என்பார். "அப்படியானால் என்னிடம் எதற்குக் கொண்டு வந்தீர்?" நியாயமான கேள்விதான். பதிலும் நியாயமானது: "புதுசு ஆக்க அல்ல, மேலும் கெடாமல் இருக்க!"

அந்த வேலை எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். முதலிலே, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்வது. துப்பாக்கி உரிமம் உள்ள கைவினைஞர் பார்த்தாலும் அதுவே முதல் வேலை. பிறகு பிரிப்பது. உறுப்புகள் ஒன்றையொன்று கவ்வியிருப்பதால், வராததை வலுக்கட்டாயமாக இழுத்தால் உடைவது நூறாண்டு உறுப்பு. எண்ணெயிலே ஊறப்போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு நாள், இரு நாள், தேவையானால் ஒரு கிழமை.

உப்புத்தாள் கூடாது. அரம் கூடவே கூடாது. இரும்பைவிட மென்மையான பித்தளையாலோ செம்பாலோ ஆன சிறு தகட்டை வைத்து, எண்ணெய் ஈரத்தோடு துருவை மட்டும் பெயர்க்கிறார்கள். துரு பெயரும்; இரும்பு பெயராது.

செந்துருவும் கருந்துருவும் ஒன்றல்ல. செந்துரு பொரிப் பொரியாக உதிரும். ஈரத்தை உறிஞ்சி மேலும் மேலும் இரும்பைத் தின்னும். கருந்துரு இரும்போடு ஒட்டி, போர்வைபோல் காக்கும். வடிநீரிலே உறுப்பைப் போட்டுக் கொதிக்க வைத்தால், செந்துரு கருந்துருவாக மாறிவிடுகிறது! மேலே நிற்கும் தூளை மென்கம்பிப் பஞ்சால் மெல்லத் துடைத்துவிட்டால் போதும். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளுக்கு நீலக்கருமை ஏற்றியதே இந்த முறையில்தான்: வேண்டுமென்றே துருப்பிடிக்க வைப்பது, கொதிக்க வைப்பது, துடைப்பது, மறுபடி துருப்பிடிக்க வைப்பது. பகைவனையே காவற்காரனாக்கும் தந்திரம்! பாலீஷ் சக்கரக்காரருக்கு இந்தப் பொறுமை வராது.

மரமும் அப்படியே. வால்நட் மரப்பிடியிலே பள்ளம் விழுந்திருந்தால் இழைப்பதில்லை. ஈரத்துணி போட்டுச் சூடான இஸ்திரிப்பெட்டியை ஒற்றினால், நசுங்கிய நார் ஆவியிலே உப்பி மேலெழும்புகிறது. பிறகு ஆளிவிதை எண்ணெய், துளித்துளியாக. தளர்ந்த சுருள்வில்லை மாற்ற வேண்டியிருந்தால் மாற்றலாம். ஆனால் பழையதைக் குப்பையிலே எறியாமல், சீட்டு எழுதிப் பொட்டலம் கட்டித் துப்பாக்கியோடு வைக்கிறார்கள். இறுதியிலே மெழுகோ எண்ணெயோ மெல்லிய பூச்சு. எண்ணுக்கு மேலே எண்ணெய் ஓடலாம். அரம் ஓடக் கூடாது.

ஏன் இத்தனை பிடிவாதம் என்று கேட்கலாம். 1945-இல் பிரெஞ்சுப் படை ஓபர்ன்டார்ஃபுக்குள் நுழைந்தது. பின்னர் ஆலையைப் பிரித்தார்கள். பதிவேடுகளும் பெரும்பாலும் அழிந்தன. எந்தத் துப்பாக்கி எந்த நாளில் எந்த ஊருக்குப் போயிற்று என்று கேட்டால் சொல்ல ஏடு இல்லை. இரும்பிலே அடித்த எண்தான் மிச்சம்.

எண் பேசுமா? பேசியிருக்கிறது, கல்கத்தாவிலே!

1914 ஆகஸ்ட் 26. ரோடா கம்பெனி என்ற துப்பாக்கி வணிக நிறுவனத்துக்குச் சுங்கச் சாவடியிலே 202 பெட்டிகள் வந்திருந்தன. எடுத்துவரப் போனவர் அந்த நிறுவனத்தின் எழுத்தர் ஸ்ரீஷ் சந்திர மித்ரா. கிடங்குக்கு வந்து சேர்ந்தவை 192. "மீதியையும் கொண்டு வருகிறேன்" என்று கிளம்பினார். போனவர் போனவர்தான்! மூன்று நாள் கழித்துத்தான் வெள்ளைக்கார முதலாளிக்குப் போலீசிடம் போகத் தோன்றிற்று. காணாமற்போன பத்துப் பெட்டிகளிலே இருந்தவை 50 மவுசர் கைத்துப்பாக்கிகளும் 46,000 தோட்டாக்களும். வங்கப் புரட்சிக்காரர்கள் 44 துப்பாக்கிகளை உடனே ஒன்பது குழுக்களுக்குப் பங்கிட்டார்கள்.

ஆனால் ரோடா கம்பெனியின் கணக்கேட்டிலே ஐம்பது எண்களும் இருந்தன. அதன் பிறகு எங்கே ஒரு மவுசர் பிடிபட்டாலும் போலீஸ் எண்ணைப் பார்த்தது, ஏட்டைப் பார்த்தது, "இது அந்த ஐம்பதிலே ஒன்று" என்றது. 1918-இல் வெளிவந்த ரவுலட் குழு அறிக்கை (சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி குமாரசாமி சாஸ்திரியாரும் அந்தக் குழுவிலே இருந்தார் என்பதைச் சொல்லிவைப்போம்) 54 நிகழ்ச்சிகளிலே அந்தத் துப்பாக்கிகள் பயன்பட்டதாகவும், 31 மீட்கப்பட்டதாகவும் கணக்குக் காட்டிற்று. அன்று அந்த எண்கள் ஆட்சியாளருக்குச் சாட்சி. இன்று அவை வரலாற்றுக்குச் சாட்சி. சாட்சி யார் பக்கம் பேசிற்று என்பதற்காகச் சாட்சியின் நாவை அறுப்பார்களா?

இன்னொன்று, வேறு ஆலையின் சரக்கு. 1928 டிசம்பர் 17-இல் லாகூரிலே போலீஸ் அதிகாரி சாண்டர்ஸ் சுடப்பட்டார். பகத்சிங்கின் .32 கோல்ட் கைத்துப்பாக்கியின் எண் வழக்குப் பதிவேட்டிலே ஏறிற்று. 1931 மார்ச் 23-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். துப்பாக்கி? கைமாறிக் கைமாறி, மத்தியப் பிரதேசத்து இந்தூரிலே எல்லைக் காவல் படையின் ஆயுதப் பயிற்சிப் பள்ளிக்கு வந்து, பெயரில்லாப் பழந்துப்பாக்கிகளிலே ஒன்றாகக் கிடந்தது. துருப்பிடிக்காமல் இருக்க எவரோ கறுப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். 2016-இல் அந்த வண்ணத்தைச் சுரண்டினார்கள். எண் தெரிந்தது. வழக்குப் பதிவேட்டு எண்ணோடு ஒத்துப் பார்த்தார்கள். அதே எண்! 2017-இல் அது பஞ்சாபின் உசைனிவாலா அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. பூசியவர் பூச்சோடு நின்றார். துருவை ஒழிக்கிறேன் என்று சக்கரத்திலே கொடுத்துத் தேய்த்திருந்தால், அது இன்றும் பெயரில்லாத இரும்புதான்.

நம் நாட்டிலே இது பொழுதுபோக்காகச் செய்யக்கூடிய காரியம் அல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிற்கிறது. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இனிச் சுடவே முடியாது என்ற நிலையிலுள்ள பழம்பொருளுக்கு மட்டும் 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. மற்றதற்கெல்லாம் உரிமம் வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கிடையாது. அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு, துப்பாக்கியிலே பொறித்த எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் குற்றம் என்கிறது. சேகரிப்பாளரின் நெறியும் சட்டமும் கைகுலுக்கும் இடம் அது ஒன்றுதான் போலும்!

ஆகவே, பாட்டனார் வீட்டுப் பரணிலே துணி சுற்றிய இரும்பு ஒன்று அகப்பட்டால், பேரீச்சம்பழக்காரரையும் கூப்பிட வேண்டாம், பாலீஷ் கடையையும் தேட வேண்டாம். விசையைத் தொடாமல் காவல் நிலையத்துக்குச் சொல்லி, முறைப்படி ஒப்படைக்க வேண்டும். உரிமம் கிடைக்குமா, அருங்காட்சியகத்துக்குப் போகுமா என்பது அதன் பிறகு. காகிதம் முடிந்த பின்புதான் எண்ணெய்ச் சீசாவின் மூடியைத் திறக்கலாம்.