மடிப்புத் திரை வாங்குபவர் ஓரத்தையும் பார்க்க வேண்டும்

புதிதாக வீடு கட்டியவர்கள் சிலர் அண்மைக் காலமாக என்னிடம் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "நானா, ஹோலையும் சாப்பாட்டு அறையையும் பிரிக்கச் சீனத்துத் திரை ஒன்று எடுக்கலாமா? பழையது என்கிறார்கள். விலை சரியா?" தளபாட வியாபாரத்தில் இருபத்தைந்து வருடங்களைக் கழித்தவன் என்பதாலும், இந்தப் பொருளில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதாலும் எனக்குத் தெரிந்ததை இவ்வாரம் எழுதுகிறேன்.

மடிப்புத் திரையின் தாயகம் சீனா. அங்கு அதற்குப் பெயர் பிங்ஃபெங். அதே எழுத்துக்களை ஜப்பானியர் பியோபு என வாசிப்பார்கள். காற்றுத் தடுப்பு என்பது பொருள். குளிர் காற்றை மறிக்கவும், பெரிய மண்டபத்தைப் பிரிக்கவும், வீட்டுக்காரரின் அந்தஸ்தைக் காட்டவும் அது பயன்பட்டது. ஜப்பானின் நாரா நகரிலுள்ள ஷோசோஇன் களஞ்சியத்தில் 8ஆம் நூற்றாண்டுத் திரைகள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன.

ஆரம்பத்தில் பலகைகளைத் தோல் வாராலும் பட்டுக் கயிற்றாலும் பிணைத்தார்கள். அதனால் ஒவ்வொரு பலகையும் தனிப் படமாகவே இருந்தது. 14ஆம் நூற்றாண்டளவில் ஜப்பானியர் கடதாசியாலேயே பிணைச்சல் செய்யக் கற்றார்கள். இடைவெளி மறைந்தது, ஆறு பலகையிலும் ஒரே ஓவியம் தொடர்ந்து ஓடியது. இவை பெரும்பாலும் சோடியாகச் செய்யப்படும். வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒகாதா கோரின் பொற்தகட்டின் மேல் ஐரிஸ் பூக்களை வரைந்த சோடி, தோக்கியோவின் நெஸு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒவ்வொரு திரையும் ஏறத்தாழ 5 அடி உயரம், 11 அடி அகலம்.

கோரமண்டல் என்ற பெயர்

நம்மவர்கள் பெரும்பாலும் கேட்பது கறுப்பு நிறத்தில் மாளிகையும் பறவைகளும் செதுக்கிய சீனத் திரையை. சந்தையில் அதன் பெயர் கோரமண்டல். சோழமண்டலம் என்ற சொல்லே ஐரோப்பியர் வாயில் அப்படி ஆனது. ஆனால் அந்தக் கரையில் ஒரு திரையும் செய்யப்படவில்லை. 17ஆம் நூற்றாண்டில் சீனாவில் செய்த திரைகள் அக்கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. வந்த வழியின் பெயர் பொருளுக்கு ஒட்டிக்கொண்டது. ஜாவாவின் பாந்தம் துறைமுகத்தை வைத்து ஆங்கிலேயர் இதைப் 'பாந்தம் வேலை' என்றும் அழைத்திருக்கிறார்கள். ஆகவே பெயரை மட்டும் நம்பி விலை பேசக் கூடாது.

செய்முறை இதுதான். மரப் பலகையின் மேல் செங்கல் தூள் அல்லது களிமண் கலவையைப் பூசி மட்டமாக்குவார்கள். அதன்மேல் லக்கர் பல தடவை பூசப்படும். நமது மாத்தளை லாக்ஷா வேலைக்குரிய அரக்கு பூச்சியிலிருந்து கிடைப்பது. சீன லக்கரோ மரத்தின் பால். பூச்சு இறுகிய பின் அதை வெட்டிப் பள்ளமாக்கி நிறம் நிரப்புவார்கள். அடிக் கலவையில் பன்றி இரத்தம் சேர்ப்பதும் பழைய வழக்கம். வாங்குபவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

நான் பட்ட பாடு

2006ஆம் ஆண்டு ஹொங்கொங் ஹொலிவூட் வீதியில் ஒரு கடையில் நான்கு பலகைத் திரை ஒன்றைக் கண்டேன். தாமரைக் குளம், மாளிகை, விசிறி பிடித்த பெண்கள். "முழுமையான திரை" என்றார் கடைக்காரர். கொள்வனவுக்குக் கொண்டுபோன பணத்தில் மூன்றில் ஒரு பங்கை அதற்கே கொடுத்தேன். கண்டியில் ஒரு வாடிக்கையாளருக்கு நல்ல இலாபத்தில் விற்றேன்.

இரண்டு மாதங்களில் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "நானா, வீட்டுக்கு வந்த ஒருவர் இந்தப் பெண்ணின் மற்றக் கை எங்கே என்று கேட்கிறார்" என்றார். போய்ப் பார்த்தேன். இடது ஓரத்தில் நின்ற பெண்ணுக்குப் பாதி உடம்புதான் இருந்தது. மேலும் கீழும் ஓடிய பூவேலைக் கரை இரு பக்க ஓரங்களிலும் இல்லை. பெரிய திரையொன்றின் நடுப் பலகைகள் நான்கைக் கழற்றி எனக்கு விற்றிருக்கிறார்கள். நான் முன்னால் நின்று அழகைப் பார்த்தேனே தவிர ஓரத்தைப் பார்க்கவில்லை.

அவர் பணத்தைக் கேட்கவில்லை. ஆனால் முழுமையானது என்று என் வாயால் சொல்லியல்லவா விற்றிருந்தேன்? பணத்தைக் கொடுத்துத் திரையை எடுத்து வந்தேன். பின்னர் குறையைச் சொல்லியே பாதி விலைக்கு விற்றேன். நட்டம் பெரிதுதான். ஆனால் அந்தக் கண்டி வாடிக்கையாளர் இன்றும் என் கடைக்கே வருகிறார்.

பார்க்க வேண்டியவை

முதலாவது, இரு ஓரங்களிலும் கரை இருக்கிறதா? பலகைக்குப் பலகை ஓவியம் முறியாமல் ஓடுகிறதா? பழைய கோரமண்டல் திரைகளில் பல 12 பலகைகளைக் கொண்டவை. ஐரோப்பியரே அவற்றை வெட்டி அலுமாரிகளுக்கும் சுவர்களுக்கும் பதித்தார்கள். ஆகவே துண்டுகள் சந்தையில் நிறைய உண்டு.

இரண்டாவது, பின்பக்கம். நல்ல பழைய திரையின் பின்புறத்திலும் பூவோ பறவையோ எழுத்தோ இருக்கும். பெரிய அதிகாரிகளுக்குப் பிறந்தநாள் பரிசாக வழங்கிய திரைகளில் வாழ்த்துரையே செதுக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் வெறுமையாகவும் புதுக் கறுப்பாகவும் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

மூன்றாவது, பிணைச்சலும் கால்களும். பல வருடம் நிலத்தில் நின்ற கால் தேய்ந்திருக்க வேண்டும். பளபளக்கும் ஆணி பழைய கதை சொல்லாது.

நான்காவது, யானைத் தந்தம் பதித்திருந்தால் சைட்டிஸ் உடன்படிக்கைக்குரிய அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர நினைக்க வேண்டாம். சுங்கத்தில் பொருளும் போகும், பணமும் போகும்.

வீட்டில் வைக்கும்போது

வாங்க முன்னர் கூரை உயரத்தை அளந்து கொள்ளுங்கள். பெரிய கோரமண்டல் திரை 8 அடிக்கு மேல் நிற்கும்; முழுதாக விரித்தால் 16 அடிக்கும் மேல் போகும். எப்பொழுதும் வளைத்து வளைத்து நிறுத்துங்கள். நேராக விரித்தால் சாய்ந்து விழும். வெயில் படும் யன்னலும் ஏசிக் காற்று நேரே அடிக்கும் இடமும் ஆகாது. நிறம் மங்கும், லக்கர் வெடிக்கும். நமது ஈரக் காற்றில் கடதாசித் திரைக்குப் பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல் வைக்க வேண்டும். கறையானுக்காகக் கால்களை அடிக்கடி பாருங்கள். ஈரத் துணியும் பொலிஷும் வேண்டாம். மெல்லிய தூரிகை போதும்.

விலை சரியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான். அழகுக்காக வாங்குவதென்றால் துண்டுத் திரையும் புதுத் திரையும் நல்ல பொருள்தான், துண்டுக்கும் புதிதுக்கும் உரிய விலையைக் கொடுங்கள். பழையது, முழுமையானது என்று விலை கேட்டால், அந்த இரண்டு சொற்களையும் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.