நம்பகத்தன்மைப் பொறியாளர்

நம்பகத்தன்மைப் பொறியாளர் என்பவர், தொழிற்சாலை எந்திரங்கள் குறித்த காலம்வரை பழுதின்றி இயங்குவதற்கு வழிவகை செய்பவர் ஆவார். பழுதான எந்திரத்தைச் சரிசெய்வது பராமரிப்புப் பிரிவின் வேலை. அது ஏன் பழுதானது, மறுபடி எப்போது பழுதாகலாம், அதைத் தடுக்க முடியுமா என்று ஆராய்வது இவருடைய வேலை. தமிழ்நாட்டில் இப்பணியின் தேவையை விளக்க நெய்வேலி பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையங்களும் பொருத்தமான எடுத்துக்காட்டு.

தொடர் அமைப்பு

1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிறுவனத்தின் திறந்தவெளிச் சுரங்கத்தில், வாளிச்சக்கர எந்திரம் மேல்மண்ணைத் தோண்டுகிறது. கன்வேயர் பட்டைகள் அந்த மண்ணைக் கொண்டுசெல்ல, மற்றோர் எந்திரம் அதைப் பரப்புகிறது. இதில் ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும். இதுவே தொடர் அமைப்பு.

தோண்டும் எந்திரம், மூன்று கன்வேயர்கள், பரப்பும் எந்திரம் என ஐந்து இருப்பதாகவும், ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுதும் பழுதின்றி ஓடும் வாய்ப்பு 95 விழுக்காடு என்றும் கொள்வோம். ஐந்தும் சேர்ந்து ஓடும் வாய்ப்பு 0.95-ஐ ஐந்து முறை பெருக்கினால் கிடைக்கும். அதாவது ஏறத்தாழ 77 விழுக்காடுதான். தனித்தனியே நல்ல எந்திரங்களாக இருந்தாலும் மொத்த அமைப்பு நலிவாக இருக்கலாம் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

இணை அமைப்பு

நெய்வேலியில் நிலக்கரிப் படுகைக்கு அடியில் உள்ள நிலத்தடி நீர் மிகுந்த அழுத்தத்துடன் மேல்நோக்கித் தள்ளுகிறது. இரவு பகலாக நீரை இறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரை உடைந்து வெள்ளம் புகும். இத்தகைய இடத்தில் மாற்று பம்ப் வைப்பது இன்றியமையாதது. 90 விழுக்காடு நம்பகமான ஒரு பம்புடன் அதே போன்ற இன்னொன்றைச் சேர்த்து, ஒன்று ஓடினாலே போதும் என்றால், நம்பகத்தன்மை 99 விழுக்காடாக உயரும். ஆனால் இரண்டும் ஒரே மின்இணைப்பை நம்பியிருந்தால் மின்சாரம் நின்றதும் இரண்டுமே நின்றுவிடும். இத்தகைய பொதுக் காரணங்களைக் கண்டுபிடிப்பதும் இப்பொறியாளரின் கடமை.

முதன்மைப் பணிகள்

• பழுதுப் பதிவேடுகளை ஆராய்தல். 2,000 மணி நேர ஓட்டத்தில் 4 பழுதுகள் ஏற்பட்டால், பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம் 500 மணி. ஒவ்வொரு பழுதையும் சரிசெய்ய 20 மணி ஆனால், எந்திரம் கிடைக்கும் அளவு 500/520, அதாவது சுமார் 96 விழுக்காடு.
• அதிர்வு, வெப்பம், மசகெண்ணெயில் கலந்த உலோகத்துகள் ஆகியவற்றை அளந்து, பேரிங், கியர்பாக்ஸ் தேய்மானத்தை முன்கூட்டியே அறிதல்.
• மூல காரணம் தேடுதல். பேரிங் எரிந்தது என்பதோடு நிற்காமல், மசகெண்ணெய் ஏன் போய்ச் சேரவில்லை என்று கேட்டல்.
• எந்தப் பாகத்தைக் காலமுறைப்படி மாற்றுவது, எதைக் கண்காணித்து மாற்றுவது என முடிவு செய்தல்.

கடைசிப் பணிக்கு அடிப்படையாக அமைந்தது, அமெரிக்க விமானத் துறையைச் சேர்ந்த நவுலான், ஹீப் இருவரும் 1978-இல் வெளியிட்ட அறிக்கை. பெரும்பாலான விமானப் பாகங்கள் வயதானதால் மட்டும் பழுதாவதில்லை என்று அது காட்டியது. எனவே எல்லாவற்றையும் நாள் குறித்து மாற்றுவது வீண்செலவு. சில வேளை கழற்றி மாட்டுவதே புதிய பழுதுக்கு வழியாகும்.

உயிர்ப் பாதுகாப்பு

இப்பணி உற்பத்திக் கணக்கோடு முடிவதில்லை. நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் தலா 210 மெகாவாட் திறனுள்ள ஏழு அலகுகள் இருந்தன. 2020 மே 7 அன்று ஆறாம் அலகின் கொதிகலன் பகுதியில் வெடிப்பு ஏற்பட்டது. 55 நாட்கள் கழித்து, ஜூலை 1 அன்று, ஐந்தாம் அலகிலும் வெடிப்பு நேர்ந்தது. இரு விபத்துகளிலும் சேர்த்துப் பதினைந்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

ஒரு எந்திரத்தில் நேர்ந்த பழுது, அதே வகையைச் சேர்ந்த மற்ற எந்திரங்களுக்கும் எச்சரிக்கை என்பது நம்பகத்தன்மைப் பொறியியலின் அடிப்படை விதி. காரணம் தெளிவாகும்வரை அவற்றையும் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் இப்பொறியாளருக்கு இருப்பது அவசியம். அவர் வேலை சரியாக நடந்தால் எதுவுமே நிகழாது. அதனால் அது பெரும்பாலும் பிறர் கண்ணில் படுவதில்லை.

கல்வித் தகுதி

எந்திரவியல் அல்லது மின்னியல் பொறியியல் பட்டமும், புள்ளியியல் அறிவும், களத்தில் பராமரிப்பு அனுபவமும் இப்பணிக்குத் துணைபுரியும். எந்திரத்தை நாள்தோறும் இயக்கும் தொழிலாளி சொல்லும் சிறு மாற்றத்தையும் காதுகொடுத்துக் கேட்கும் பழக்கம் இவற்றுக்கு இணையான தகுதியாகும்.