புல்வெட்டும் ரோபோவும் அதற்கேற்ற தோட்டமும்

ஸ்வீடனைச் சேர்ந்த ஹஸ்க்வர்னா நிறுவனம் சூரிய ஒளியால் இயங்கும் தானியங்கிப் புல்வெட்டியை 1995இல் விற்பனைக்குக் கொண்டுவந்த பின், ஐரோப்பிய வீட்டுத் தோட்டங்களில் இவ்வகை ரோபோக்கள் படிப்படியாகப் பரவின. ஆள் தள்ளிச்செல்லும் எந்திரம் ஒரு வார வளர்ச்சியை ஒரே நாளில் வெட்டிக் குவிக்க, ரோபோவோ அடிக்கடி உலாவிப் புல்லின் நுனியை மட்டும் நறுக்குகிறது. பொடித் துணுக்குகள் புல்லிடையே விழுந்து மட்கி, உரமாகின்றன. அதன் வட்டத் தட்டின் விளிம்பில் சுழல்பவை சவர அலகைப் போன்ற சிறு கத்திகளே என்பதால், உயர்ந்து அடர்ந்த புல்லில் இறக்கப்பட்டால் அது திணறும். ஆகவே முதலில் சாதாரண எந்திரத்தால் புல்லைக் குட்டையாக வெட்டி, கல், சுள்ளி, உதிர்ந்த பழம், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியவற்றை அகற்றி, சக்கரம் இறங்கிச் சிக்கக்கூடிய பள்ளங்களை மண்ணிட்டு நிரப்ப வேண்டும்.

அடுத்த பணியே இத்தயாரிப்பின் உயிர்நிலை. பல ரோபோக்களுக்குப் புல்தரை எங்கே முடிகிறது என்பதைக் காணும் கண் கிடையாது. அதை அவற்றுக்கு அறிவிப்பது எல்லைக் கம்பி, அதாவது புல்தரையைச் சுற்றி வந்து மின்னேற்ற நிலையத்தில் இரு முனைகளும் இணையும் மெல்லிய மின்கம்பி. அதன் வழியே செல்லும் குறைந்த அழுத்த மின்துடிப்புகள் காந்தப்புலத்தை உண்டாக்குகின்றன. வளையத்தின் உள்ளே ஒரு திசையிலும் வெளியே எதிர்த்திசையிலும் அமையும் அப்புலத்தை ரோபோவிலுள்ள கம்பிச்சுருள்கள் உணர்வதால், தான் எல்லைக்குள் இருக்கிறதா, தாண்டிவிட்டதா என்பது அதற்குத் தெரிகிறது. புல்தரையின் நடுவே ஒரு பூப்பாத்தி இருந்தால், கம்பியை வெளி வளையத்திலிருந்து பாத்திவரை கொண்டுசென்று, அதைச் சுற்றி, போன வழியை ஒட்டியே திருப்பிக் கொண்டுவர வேண்டும். அருகருகே செல்லும் இவ்விரு இழைகளிலும் மின்னோட்டம் எதிரெதிராகப் பாய்வதால் அவற்றின் புலங்கள் ஒன்றையொன்று நீக்கிவிட, ரோபோ அந்த இரட்டைக் கம்பியைத் தடையாகக் கருதாமல் கடந்துபோய், பாத்தியைச் சுற்றிய பகுதியில் மட்டும் திரும்பிக்கொள்ளும். மின்னியலின் எளிய விதி ஒன்று வீட்டுத் தோட்டத்தில் இவ்வளவு நேர்த்தியாகப் பயன்படுவது வியக்கத்தக்கது.

ரோபோ எல்லையில் சற்று முன்னேறித் திரும்பும் இயல்புடையதாகையால், சுவரின் அருகே கம்பியை ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பதிப்பது வழக்கம். புல்லுக்குச் சமமட்டத்தில் நடைபாதை இருந்தால் சக்கரம் அதன்மேல் ஏறலாம் என்பதால் இடைவெளி மிகக் குறையும். சுவரோரம் வெட்டப்படாமல் எஞ்சும் புல் பட்டையைத் தவிர்க்க, அங்கே தரைமட்டத்தில் ஒரு வரிசைக் கல் பதிப்பது செலவானாலும் நிலையான தீர்வு. குளக்கரையில் இடைவெளியைத் தாராளமாக விடவேண்டும், ஏனெனில் ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கும். மின்னேற்ற நிலையத்துக்குச் சமதளமும், முன்புறம் திறந்த வெளியும், இயன்றவரை நிழலும் தேவை.

கம்பியை உடனே புதைக்காமல், முதலில் சிறு முளைகளால் தரையோடு அழுத்திப் பொருத்தி, ரோபோ எங்கே சிக்குகிறது என்று சில வாரம் கவனித்துத் திருத்துவதே அறிவுடைமை. அதற்குள் புல்லே வளர்ந்து கம்பியை மறைக்கத் தொடங்கும். செயற்கைக்கோள் சைகைகளைக் கொண்டு தன் இடத்தைச் சில சென்டிமீட்டர் துல்லியத்தில் அறியும் புதிய ரோபோக்களுக்குக் கம்பியே வேண்டாம், ஆனால் அடர்ந்த மரங்களும் உயர்ந்த சுவர்களும் மறைக்காத வானம் வேண்டும்.

தோட்டம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய முள்ளெலி இரவில் இரை தேடும் சிறு விலங்கு. ஆபத்து நெருங்கினால் ஓடாமல் முட்களைச் சிலிர்த்துச் சுருண்டுகொள்ளும் அதன் தற்காப்பு, கத்தியின் முன் பயனற்றது. சோஃபி லண்ட் ராஸ்முசென் தலைமையிலான குழு 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே இறந்த முள்ளெலிகளைக் கொண்டு 18 வகை ரோபோக்கள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றுகூட உடலில் மோதாமல் அவ்விலங்கைக் கண்டறியவில்லை, சில வகைகள் கடுமையான காயத்தையும் உண்டாக்கின. கொலோன் உள்ளிட்ட சில ஜெர்மானிய நகரங்கள் இரவில் இவ்வெந்திரங்களை இயக்கத் தடை விதித்துள்ளன. தடையில்லாத ஊர்களிலும், பொழுது சாயுமுன் ரோபோ நிலையத்துக்குத் திரும்பிவிடும்படி அதன் வேலை நேரத்தை அமைப்பதைத் தயாரிப்பின் கட்டாயப் பகுதியாகவே கொள்ள வேண்டும்.