குண்டிக்காய் நோயாளரும் பால் பதார்த்தங்களும்

நோயாளிக்குப் பாலே ஏற்ற ஆகாரமென்பது நம் கிராமங்களில் நெடுங்காலமாக நிலவிவரும் கொள்கையாகும். கறவை மாடு வைத்திருக்கும் குடும்பத்தார், உடல் மெலிந்த பெரியவர்களுக்கு வேளைதோறும் பாலைக் காய்ச்சிக் கொடுத்து வருவர். ஆயின், குண்டிக்காய் எனப்படும் சிறுநீரகங்கள் பழுதுற்றவர் விஷயத்தில், அளவறியாது கொடுக்கும் பால் தீங்கு விளைக்கக்கூடும்.

பயிருக்கு இடும் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் விவசாயிகள் நன்கறிந்தவை. அவற்றிலுள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் பாலிலும் உள. 240 மில்லிலிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 8 கிராம் புரதமும், 350 மில்லிகிராம் பொட்டாசியமும், 200 மில்லிகிராமுக்கு மேல் பாஸ்பரஸும் அடங்கியிருக்கின்றன. நல்ல சிறுநீரகம் இவற்றில் மிகுதியானதை மூத்திரத்தின் வழியே கழித்துவிடும். பழுதுற்றது அங்ஙனம் செய்யமாட்டாது. இரத்தத்தில் பாஸ்பரஸ் தங்கினால் எலும்புகள் சுண்ணாம்புச் சத்தை இழந்து நலியும்; இரத்தக் குழாய்கள் கடினமாகும்; தோலில் அரிப்பு உண்டாகும். பொட்டாசியம் மிகுந்தாலோ, இருதயத் துடிப்பு நிலைகுலைந்து உயிருக்கே அபாயம் நேரிடலாம்.

ஆகையால் பதார்த்தங்களின் தாரதம்மியம் அறிதல் அவசியம்.

1. பால், தயிர்: இரண்டும் அளவுடன் கொள்ளத்தக்கவை. எருமைப்பாலில் புரதமும் பாஸ்பரஸும் பசும்பாலைவிட அதிகம்.

2. மோர்: ஒரு பங்கு தயிருக்கு மூன்று பங்கு நீர் விட்டால், ஒரு டம்ளர் மோரில் அதே அளவுத் தயிரிலுள்ள சத்துகளில் காற்பங்கே இருக்கும். உப்பிடலாகாது. நீர் அருந்துவதற்கு வைத்தியர் வரம்பு விதித்திருந்தால், மோரையும் பாலையும் அதில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

3. பால்கோவா, திரட்டுப்பால், பால்பொடி: நீர் சுண்டியதால் சத்துகள் செறிந்தவை, விலக்குதல் நலம். பன்னீரில் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வடிநீரோடு போய்விடினும், புரதமும் பாஸ்பரஸும் செறிந்துள்ளன.

4. வெண்ணெய், நெய்: இவற்றில் மேற்கூறிய மூன்றும் மிகச் சொற்பம். ஆனால் பெரும்பாலும் கொழுப்பாதலின் மிதமாகவே கொள்ளவேண்டும்.

5. கடைகளில் விற்கும் பதப்படுத்திய பாற்கட்டி: இதிற் பாஸ்பேட் உப்புகளைச் சேர்ப்பதுண்டு. பாலில் இயற்கையாயுள்ள பாஸ்பரஸைவிட இவை மிகுதியாக இரத்தத்திற் கலக்கும், ஆதலின் தவிர்க்கத்தக்கது.

நோயாளர் யாவருக்கும் ஒரே விதி பொருந்தாது. ஆரம்ப நிலையிலுள்ள பலருக்குப் பாலைக் குறைக்கவேண்டிய அவசியமே இராது. இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்துக் கொள்வோருக்கோ, முன்னிலும் அதிகப் புரதம் தேவைப்படும். அயலார் சொற்கேட்டுப் பாலை அடியோடு நிறுத்துவதும் பிழையே. இரத்தப் பரிசோதனையின் பேரில் வைத்தியர் குறிக்கும் அளவே பிரமாணமாகும்.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இந்நோய்க்கு முக்கிய காரணங்கள். அவை உள்ளவர் ஆண்டுக்கொருமுறையேனும் இரத்தத்தையும் மூத்திரத்தையும் பரிசோதித்துக் கொள்ளும்படி கிராம அதிகாரிகள் ஜனங்களுக்கு எடுத்துரைப்பது பேருதவியாகும். மாட்டுக்குத் தீவனத்தை அளந்து வைக்கும் விவசாயி, வீட்டிலுள்ள நோயாளிக்குப் பாலையும் அளந்து வார்ப்பாராக.