தூங்குகிற நேரமும் படிப்புக் கணக்கில்தான்

பரீட்சை நெருங்கிவிட்டால் பெற்றோர் முதலில் கை வைப்பது பிள்ளையின் தூக்கத்தில்தான். ராத்திரி பதினொரு மணி வரை ஒரு பாடம், விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி இன்னொன்று. படிக்கும் நேரம் கூடுகிறது; பதிவது கூடுகிறதா?

இஸ்ரேலின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அவி சதே குழு 2003-ல் வெளியிட்ட ஆய்வில் நான்காம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 77 பேர் கலந்துகொண்டார்கள். மூன்று இரவுகள் சிலருக்குத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்தைக் கூட்டச் சொன்னார்கள், சிலருக்குக் குறைக்கச் சொன்னார்கள். பிறகு கவனத்தையும் நினைவையும் சோதித்தபோது, கூடுதலாகத் தூங்கியவர்களே மேலாகச் செய்தார்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பகல் தூக்கமும் இதே வேலையைச் செய்கிறது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மழலைப் பள்ளிக் குழந்தைகளுக்குக் காலையில் ஒரு விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டங்களில் படங்கள் இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்தப் படம் என்று நினைவு வைக்க வேண்டும். மதியம் தூங்கிய நாளில் குழந்தைகள் நிறைய இடங்களைச் சரியாகக் காட்டினார்கள். தூங்கவிடாத நாளில் மறந்ததை, அன்றிரவுத் தூக்கமும் மீட்டுத் தரவில்லை. 2013-ல் வெளியான முடிவு இது.

காரணம் மூளைக்குள் இருக்கிறது. புதிதாகக் கற்றது முதலில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியை நம்பியே நிற்கிறது. ஆழ்ந்த தூக்கத்தில், பகலில் இயங்கிய நரம்புச் செல்கள் அதே போக்கில் மறுபடி இயங்குகின்றன. எலிகளின் மூளையில் இதை நேரடியாகப் பதிவு செய்திருக்கிறார்கள். இப்படித் திரும்பத் திரும்ப ஓடித்தான் பாடம் மூளையின் மேலடுக்கில் நிலைக்கிறது என்பது விஞ்ஞானிகளின் கருத்து.

6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் தேவை என்கிறது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி. தினமும் ஒரே நேரத்தில் படுப்பது, படுக்கைக்குப் போகும் முன்பே செல்போனை வாங்கி வைப்பது, காலையில் புத்தகத்தைத் திறக்காமல் முந்தைய நாள் பாடத்தைச் சொல்லிப் பார்ப்பது: மூன்றுக்கும் காசு செலவில்லை.

நாலு மணிக்கு எழுப்பியே தீர வேண்டும் என்றால், பத்து வயதுப் பிள்ளை ராத்திரி ஏழு மணிக்கே தூங்கியிருக்க வேண்டும். அது நடக்காத வீட்டில் அலாரத்தை ஆறு மணிக்குத் தள்ளி வைப்பதே படிப்புக்கு நல்லது.