பஞ்சாங்கம் பார்த்துப் படகேறுங்கள்

விடுமுறைக்குப் பிள்ளைகள் புவேர்ட்டோ ரிக்கோ கூட்டிப்போகிறார்கள், அங்கே ராத்திரியில் கயாக் விடப் போகிறோமாம், என்ன எடுத்துவைக்க வேண்டும் என்று கேட்டீர்கள். டீயைக் குடியுங்கள், சொல்கிறேன். எடுத்துவைக்க வேண்டியது கொஞ்சம்தான். விட்டுவிட்டுப் போக வேண்டியதுதான் அதிகம்.

அங்கே பார்க்கப் போவது தண்ணீருக்குள் இருக்கும் வெளிச்சத்தை. வியேக்கஸ் தீவில் மொஸ்கிட்டோ விரிகுடா, ஃபஹார்தோவில் லகூனா கிராந்தே, தென்மேற்கே லா பார்கேரா என மூன்று இடங்கள் உண்டு. உலகிலேயே அதிகம் ஒளிரும் விரிகுடா என்று மொஸ்கிட்டோவை 2006இல் கின்னஸ் பதிவு செய்தது. ஒளிர்வது பைரோடினியம் பஹாமென்ஸ் என்னும் ஒற்றைச் செல் உயிர். ஒரு காலன் நீரில் லட்சக்கணக்கில் இருக்கும். துடுப்போ மீனோ நீரைக் கலக்கினால் இந்த உயிரின் செல்லுக்குள் அமிலத்தன்மை கூடி, லூசிஃபெரின் என்ற பொருள் வினைபுரிந்து நீலமாக மின்னும். ஒரு மின்னல் நொடியில் பத்தில் ஒரு பங்குதான். தன்னைத் தின்ன வரும் நுண்ணுயிரைத் திடுக்கிட வைக்கவும், அதைத் தின்னக்கூடிய பெரிய மீனுக்குக் காட்டிக்கொடுக்கவும்தான் இந்த மின்னல் என்பது அறிவியலாளர்களின் கருத்து. வீட்டுக்குள் திருடன் நுழைந்தால் கத்தி ஊரைக் கூட்டுவோமே, அப்படி.

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததே, அது நாக்டிலுகா என்ற வேறொரு உயிர். என்றைக்கு வரும், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. புவேர்ட்டோ ரிக்கோவில் அப்படியில்லை. விரிகுடாவின் வாய் குறுகல், ஆழம் குறைவு, சுற்றிலும் அலையாத்திக் காடு. உதிரும் இலை மட்கி உணவாகிறது. அதனால் உயிரிகள் கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் உள்ளேயே பெருகுகின்றன. ஆனாலும் 2017இல் மரியா புயல் அடித்த பிறகு மாதக்கணக்கில் மொஸ்கிட்டோ இருண்டு கிடந்தது. அவ்வளவு நுட்பமான ஏற்பாடு அது.

இனி நாள் குறிப்பது. மற்றதெல்லாம் சுமாராக அமைந்தாலும் பரவாயில்லை, இதில் மட்டும் கோட்டை விடாதீர்கள். நிலா வெளிச்சத்தில் அந்த நீலம் வெளுத்துப்போகும். அமாவாசையை ஒட்டிப் போவது உத்தமம். விடுமுறை அதற்கு ஒத்துவரவில்லை என்றால், பௌர்ணமிக்கு முந்திய நாட்களை விடப் பிந்திய நாட்களைத் தேர்ந்தெடுங்கள். வளர்பிறைத் தசமியில் அந்தி மயங்கும்போதே நிலா உச்சியை நெருங்கியிருக்கும். தேய்பிறையிலோ ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதமாகத்தான் உதிக்கும். பௌர்ணமி கழிந்து நான்கைந்து நாளானால், இருட்டியதும் கிளம்பும் முதல் பயணத்துக்கு நல்ல இருள் கிடைக்கும். மேகம் கவிந்தால் கவலைப்படாதீர்கள், அது நமக்குச் சாதகம். தூறல் விழுந்தால் இன்னும் அதிர்ஷ்டம்: ஒவ்வொரு துளி விழும் இடமும் மின்னும்.

கொசுவிரட்டி, சன்ஸ்கிரீன், வாசனைத் தைலம் எதுவும் உடம்பில் வேண்டாம். அதிலுள்ள வேதிப்பொருள் கரைந்து அந்த உயிரிகளைப் பாதிக்கும். மொஸ்கிட்டோவிலும் லகூனா கிராந்தேயிலும் நீந்தத் தடை இருப்பதற்கும் இதுவே முக்கியக் காரணம். கொசுவுக்கு முழுக்கைச் சட்டை போதும். சீக்கிரம் உலரும் துணியாக இருக்கட்டும், ஏனென்றால் பின்பக்கம் நனையாமல் யாரும் கரையேறுவதில்லை. மாற்றுத்துணி வண்டியிலேயே இருக்கட்டும்.

கைப்பேசியையும் அங்கேயே வையுங்கள். ஆடும் படகிலிருந்து இந்த ஒளி படத்தில் விழாது. அதோடு, கண் இருளுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். ஒருமுறை திரையைப் பார்த்தால் அத்தனையும் வீண், பக்கத்துப் படகுக்காரருக்கும் சேர்த்து.

நீச்சல் தெரியாதே என்று பயப்பட வேண்டாம். லைஃப் ஜாக்கெட்டின் வாரை மட்டும் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். தப்பித்தவறிக் கவிழ்ந்தால் கயாக்கைப் பிடித்துக்கொண்டு மிதந்தால் போதும், வழிகாட்டி வந்து ஏற்றிவிடுவார். இருவர் படகில் பலசாலி பின்னால் உட்கார வேண்டும், திசை அவர் கையில். முன்னால் இருப்பவர் தாளம் தப்பாமல் போட்டால் சரி. தம்பதியாக ஏறினால் யார் சொல்வதை யார் கேட்பது என்பதைக் கரையிலேயே பேசி முடித்துவிடுங்கள். தோளால் இழுக்காமல் இடுப்பைத் திருப்பித் துடுப்புப் போட்டால் மறுநாள் கை வலிக்காது.

ஃபஹார்தோவில் ஏரிக்குப் போகும் வாய்க்கால் குறுகல். பிச்சாவரம் போனவர்களுக்கு அந்தச் சுரபுன்னை வேர்கள் புதிதாகத் தெரியாது. இருட்டில் கிளைக்குத் தலையைக் குனியுங்கள், முன்படகுக்கு இடைவெளி விடுங்கள். ஏரி திறந்ததும் துடுப்பை நிறுத்திவிட்டுச் சும்மா இருங்கள். மீன் ஓடும் தடம் அப்போதுதான் கண்ணில் படும்.

வியேக்கஸ், ஃபஹார்தோ இரண்டில் எது என்று கேட்டால், ஒளிக்கு வியேக்கஸ்தான். ஆனால் சேய்பா துறைமுகத்திலிருந்து கடல் தாண்டிப் போக வேண்டும். அன்றிரவே திரும்பிவிடலாம் என்று எண்ணாமல் தீவிலேயே அறை போடச் சொல்லுங்கள்.