பழைய அட்டையில் உறைந்த பனியாறு

அஞ்சலட்டை மிக எளிய பொருள். நலம் விசாரித்து நான்கு வரி எழுதித் தபாற்பெட்டியில் இட்டதும் அதை மறந்துவிடுகிறோம். 1869-ஆம் ஆண்டு ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசில் அது முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது அதில் படம் ஏதும் இல்லை. படங்கள் பின்னர்தான் சேர்ந்தன. 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆல்ப்ஸ் மலையூர்களுக்குச் சென்ற பயணிகள் பனிச் சிகரங்களின் படம் தாங்கிய அட்டைகளை வாங்கி வீட்டாருக்கு அனுப்பினர். அழகுக்காக வாங்கப்பட்ட அவ்வட்டைகள் இன்று வேறொன்றுக்குச் சாட்சியாக நிற்கின்றன.

சுவிட்சர்லாந்தின் வாலே மாநிலத்தில், ஃபுர்கா கணவாய்க்கு ஏறும் சாலையின் வளைவொன்றில் பெல்வெதேர் என்னும் ஓட்டல் இருக்கிறது. கட்டப்பட்ட ஆண்டு 1882. அதன் பழைய அட்டை ஒன்றைப் பார்ப்போமாயின், கட்டடத்தின் பக்கத்திலேயே ரோன் பனியாறு வெண்ணிற அருவி உறைந்தாற்போல் பாறைச் சரிவில் இறங்குவதைக் காணலாம். சன்னலைத் திறந்தால் பனி தெரியும் என்பதே அவ்வோட்டலின் பெருமை. இன்று அதே வளைவில் நின்றால் வெறும் பாறையே கண்ணில் படும். பனி வெகுதூரம் பின்வாங்கிவிட்டது. அதன் முன்னே ஓர் ஏரி தோன்றியிருக்கிறது. ஓட்டலும் 2015-ஐ ஒட்டி மூடப்பட்டது. எஞ்சிய பனிக் குகையைக் காப்பதற்காகக் கோடைதோறும் அதன்மேல் வெள்ளைத் துணிகளை விரித்து வந்தனர். நோயாளிக்குப் போர்த்துவது போன்ற அக்காட்சியை எந்த அட்டை வியாபாரியும் விரும்பியிருக்க மாட்டார்!

இவ்வட்டைகளை எவ்வளவு நம்பலாம்? வண்ணங்களை நம்புவதற்கில்லை. சூரிச் நகரின் ஓரெல் ஃபூஸ்லி அச்சகத்தில் ஹான்ஸ் யாகோப் ஷ்மிட் என்பவர் 1880-களில் கண்ட ஃபோட்டோகுரோம் முறையில், கறுப்பு வெள்ளை நெகட்டிவ் ஒன்றிலிருந்து பல அச்சுக்கற்கள் தயாரிக்கப்பட்டன. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கல்; சில படங்களுக்குப் பத்துக்கு மேற்பட்ட கற்களும் தேவைப்பட்டன. ஆகவே அந்தி வானத்தின் ரோஜா நிறம் மலையில் தோன்றியதன்று, அச்சகத்தில் பிறந்தது. ஆனால் பனி எந்தப் பாறைவரை வந்து நின்றது என்பதைச் சொல்வது காமிராதான்.

காலத்தைக் கணிப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். ஒரே நெகட்டிவை ஆண்டுக் கணக்கில் அச்சிட்டு விற்றார்கள். எனவே தபால் முத்திரையின் தேதி படம் எடுத்த தேதியாகாது. வேறோர் அடையாளமும் உண்டு. முன்னாளில் அட்டையின் பின்புறம் முழுவதும் முகவரிக்கே உரியது. செய்தியைப் படத்தின் ஓரத்தில் நெருக்கி எழுத வேண்டும். பின்புறத்தை இரண்டாகப் பிரிக்க 1902-இல் பிரித்தானியா வழிவிட்டது. பிற நாடுகளும் விரைவில் பின்பற்றின. சிகரத்தின்மீதே கடிதம் எழுதப்பட்ட அட்டை பெரும்பாலும் அக்காலத்துக்கு முந்தியது எனலாம்.

பழைய நிழற்படங்களை ஆராய்ச்சியாளரும் தேடியெடுத்தனர். அவற்றைக் கொண்டு மலைமுகங்களை அளந்து, 1931-க்கும் 2016-க்கும் இடையில் சுவிஸ் பனியாறுகள் தம் கன அளவில் ஏறத்தாழப் பாதியை இழந்தன என்று 2022-இல் வெளியிட்டனர். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில், எஞ்சியதிலும் பத்தில் ஒரு பங்கு கரைந்துபோயிற்று. புவி வெப்பம் உயர்வதே இதற்குக் காரணம்.

அதே ரோன் பள்ளத்தாக்கில் சற்றுக் கீழே, ஃபீஷ் என்னும் கத்தோலிக்க ஊர் இருக்கிறது. அவ்வூராருக்கு ஒரு காலத்தில் பனியே பகை. ஆல்ப்ஸிலேயே நீளமான அலெட்ச் பனியாறு வளர்ந்து மேர்யெலன் ஏரியை அணைபோல் மறித்து நின்றது. ஏரி உடைத்துக்கொண்ட போதெல்லாம் வெள்ளம் பள்ளத்தாக்கை அழித்தது. 1678-இல், பனியாறு வளராதிருக்க வேண்டுமென்று மன்றாடி ஊரார் இறைவனுக்கு வார்த்தைப்பாடு கொடுத்தனர். 1862 முதல் ஆண்டுதோறும் திருப்பவனியும் நடத்தினர். அதன்பின் பனி சுமார் 3 கிலோமீட்டர் சுருங்கிவிட்டது. முன்னோர் கொடுத்த வார்த்தைப்பாட்டை ஊரார் தாமாக மாற்றிவிடவில்லை, உரோமைக்கு விண்ணப்பித்தனர். திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் காலத்தில், 2010-இல் இசைவு கிடைத்தது. பனி குறைய வேண்டும் என்று தாத்தாமார் மன்றாடிய வழியிலேயே, பனி நிலைக்க வேண்டும் என்று பேரர்கள் மன்றாடலாயினர்.

மேர்யெலன் ஏரியின் பழைய அட்டைகளும் உண்டு. அவற்றில் பனிப்பாளங்கள் கப்பல்களைப்போல் மிதக்கின்றன. ஊரையே நடுங்கவைத்த அந்த ஏரியின் இடத்தில் இப்போது சிறு குட்டைகளே கிடக்கின்றன.